விண்கலத்தில் 'கீழே' எது? அறிபுனைத் தொடர்களின் செயற்கை ஈர்ப்பு, எளிமையாக

அறிபுனை, அதாவது அறிவியல் புனைகதைத் தொடர் ரசிகர்கள் இரண்டு பேர் உட்கார்ந்து பேசினால் கொஞ்ச நேரத்திலேயே இந்தச் சண்டை வந்துவிடும். "விண்வெளியில்தான் ஈர்ப்பே கிடையாதே, இவர்கள் எப்படிக் கப்பலுக்குள் ஹாயாக நடக்கிறார்கள்?" என்பார் ஒருவர். "கப்பல் சுத்துது இல்ல, அதனால ஈர்ப்பு உண்டாகுது" என்பார் மற்றவர். முதலாமவர் சொல்வது முழுத் தவறு. இரண்டாமவர் சொல்வது பாதித் தவறு. சுவாரஸ்யமெல்லாம் அந்த மீதிப் பாதியில்தான் இருக்கிறது.

எடை எங்கிருந்து வருகிறது?

லிஃப்ட் மேலே கிளம்பும் நொடியில் உடம்பு கனக்கிறது. கீழே இறங்கத் தொடங்கும் நொடியில் வயிறு லேசாக மிதக்கிறது. அந்த இரண்டு நொடிகளிலும் பூமி நம்மை இழுக்கும் அளவு மாறவே இல்லை. லிஃப்டின் தரை நம் பாதத்தைத் தள்ளும் அளவுதான் கூடிக் குறைகிறது.

'எடை' என்று நாம் உணர்வது இந்தத் தள்ளலைத்தான். ஈர்ப்பு நம் உடலின் எல்லாப் பகுதிகளையும் ஒரே சீராக இழுப்பதால் அதைத் தனியாக உணர முடியாது. நாற்காலியோ தரையோ கட்டிலோ குறுக்கே நின்று தடுக்கும்போதுதான் எடை தெரிகிறது.

சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு வருவோம். அது சுமார் 400 கி.மீ. உயரத்தில் சுற்றுகிறது. அந்த உயரத்திலும் பூமியின் ஈர்ப்பு தரையில் இருப்பதில் ஏறக்குறைய 89 சதவீதம் இருக்கிறது. அவ்வளவு உயரத்துக்கு ஒரு கோபுரம் கட்டி, உச்சியில் 60 கிலோ ஆளை எடை இயந்திரத்தில் நிறுத்தினால் 53 கிலோ காட்டும். மிதக்க மாட்டார்.

அப்படியானால் நிலையத்துக்குள் இருப்பவர்கள் ஏன் மிதக்கிறார்கள்? நிலையமும் விழுகிறது, அவர்களும் விழுகிறார்கள். கம்பி அறுந்த லிஃப்டில் தரையும் ஆளும் ஒரே வேகத்தில் விழுந்தால் தரையால் ஆளைத் தள்ள முடியாது இல்லையா, அதே கதைதான். நிலையம் விநாடிக்கு 7.7 கி.மீ. வேகத்தில் பக்கவாட்டிலும் பாய்வதால், அது விழ விழப் பூமியின் பரப்பும் அதற்குக் கீழே வளைந்து விலகிக்கொண்டே போகிறது. விழுகிறது, ஆனால் மோதுவதில்லை. இந்த நிலைக்குப் பெயர்தான் எடையின்மை: ஈர்ப்பு இருந்தும், தள்ள ஒரு தரை இல்லாத நிலை.

சுருக்கமாக: விண்வெளியில் குறைவது ஈர்ப்பு அல்ல, தரையின் தள்ளல். செயற்கை ஈர்ப்பு வேண்டும் என்றால் ஈர்ப்பை உற்பத்தி செய்ய வேண்டியதில்லை. தரையைத் தள்ள வைத்தால் போதும்.

தரையைத் தள்ள வைக்கும் வழிகள்

முதல் வழி, பொய் சொல்வது. 1966-இல் தொடங்கிய 'ஸ்டார் ட்ரெக்' உட்படப் பெரும்பாலான தொடர்கள் இதைத்தான் செய்கின்றன. தரைக்குள் ஏதோ ஒரு கருவி இருக்கிறது, அது ஈர்ப்பை உண்டாக்குகிறது, அவ்வளவுதான். இப்படி ஒரு கருவி செய்ய இயற்பியலில் எந்த வழியும் தெரியவில்லை. ஆனால் தயாரிப்பாளரின் கஷ்டமும் நியாயமானது: நடிகர்களை வாராவாரம் கம்பியில் தொங்கவிட்டுப் படம்பிடிக்க எந்தத் தொடருக்கும் பணம் இருக்காது. நிஜமான எடையின்மையில் படமெடுக்க விமானத்தை மலைமுகடு போன்ற பாதையில் ஏற்றி இறக்க வேண்டும், அதிலும் ஒரு முறைக்கு 20 முதல் 25 விநாடிதான் கிடைக்கும். அதனால்தான் கப்பலில் வெடி வெடித்து விளக்கு அணைந்து காற்றே தீர்ந்துபோனாலும் ஈர்ப்பு மட்டும் கடைசி வரை பழுதாகாமல் இருக்கிறது!

இரண்டாவது வழி, எஞ்சினை நிறுத்தாமல் ஓட்டுவது. பேருந்து வேகமெடுக்கும்போது இருக்கை முதுகைத் தள்ளுவது போல, எஞ்சின் எரியும்வரை கப்பலின் பின்பக்கம் ஆட்களைத் தள்ளும். பின்பக்கமே தரையாகிவிடும். 'தி எக்ஸ்பேன்ஸ்' தொடர் (2015–2022) இதைப் பிடித்துக்கொண்டது. அதில் கப்பல்களின் உள்ளமைப்பு விமானம் மாதிரி இருக்காது, மாடிக் கட்டிடம் மாதிரி இருக்கும்: எஞ்சின் அடித்தளத்தில், ஓட்டுநர் அறை மேலே, நடுவில் ஏணி. பாதி வழியில் கப்பலைத் தலைகீழாகத் திருப்பி, மீதிப் பாதியில் வேகத்தைக் குறைப்பார்கள். அப்போதும் தரை தரையாகவே இருக்கும்.

பூமியில் உணரும் எடையை 1 ஜி என்பார்கள். அந்த அளவில் எஞ்சினை விடாமல் எரித்தால், 7.8 கோடி கி.மீ. தூரத்தை இரண்டே நாளில் கடந்துவிடலாம். செவ்வாய் பூமிக்கு ஓரளவு நெருங்கி வரும்போது இருக்கும் தூரம் அது. ஆனால் நாட்கணக்கில் எரிக்க எரிபொருள் வேண்டுமே! இன்றைய ராக்கெட்டுகள் சில நிமிடங்களிலேயே தங்கள் எரிபொருளைத் தீர்த்துவிடுகின்றன. 'எக்ஸ்பேன்ஸ்' இந்த இடத்தில் ஒரு மாய எஞ்சினைக் கற்பித்துக்கொண்டு, மற்றதைப் பெரும்பாலும் கணக்குப்படி நடத்துகிறது. நல்ல அறிபுனைக்கு இது நியாயமான பேரம்.

மூன்றாவது வழி, சுழற்றுவது. இதற்கு மாய எஞ்சின் எதுவும் தேவையில்லை. 1903-இலேயே ரஷ்ய விண்வெளி அறிஞர் ஸியோல்கோவ்ஸ்கி இதைச் சொல்லிவிட்டார்.

சுழற்சி எப்படி எடை தருகிறது?

பாதி வாளித் தண்ணீரை எடுத்துக் கையை நீட்டித் தலைக்கு மேலாக வேகமாகச் சுற்றினால் ஒரு சொட்டுக்கூடச் சிந்தாது. "தண்ணீரை ஏதோ ஒரு விசை வெளிப்பக்கம் இழுக்கிறது" என்று தோன்றும். நடப்பது வேறு. ஒவ்வொரு நொடியும் தண்ணீர் நேர்கோட்டில் ஓடப் பார்க்கிறது. வாளியின் அடிப்பகுதி குறுக்கே வந்து அதை உள்பக்கமாகத் தள்ளித் தள்ளி வட்டத்துக்குத் திருப்புகிறது.

வாளியின் அடி என்பதற்குப் பதில் சக்கர வடிவ நிலையத்தின் வெளிச்சுவர் என்றும், தண்ணீர் என்பதற்குப் பதில் மனிதர் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். வெளிச்சுவர்தான் அவருக்குத் தரை. அது அவர் பாதத்தை மையத்தை நோக்கித் தள்ளுகிறது. தலை மையத்தைப் பார்த்தபடி அவர் 'நிற்கிறார்'. பேருந்து திருப்பத்தில் சாயும்போது நம்மை வெளியே தள்ளுவதாக ஒன்று தோன்றுகிறதே, அந்தத் தோற்றத்துக்கு மையவிலக்கு விசை என்று பெயர். உள்ளே இருப்பவருக்கு அது நிஜம் மாதிரியே இருக்கும். வெளியே நின்று பார்ப்பவருக்கு, ஆள் நேராக ஓடப் பார்ப்பதும் சுவர் தடுப்பதும் மட்டுமே தெரியும்.

இதனால்தான் "சுழல்வதால் ஈர்ப்பு உண்டாகிறது" என்பது பாதித் தவறு. சுழலும் உருளையின் நடுவில், எதையும் தொடாமல் ஒருவரை மிதக்க விட்டால் அவர் கீழே விழவே மாட்டார். உருளை பாட்டுக்கு அவரைச் சுற்றிச் சுழன்றுகொண்டிருக்கும். (உள்ளே காற்று இருந்தால் அது தரையோடு சேர்ந்து சுழல்வதால் மெல்ல மெல்ல அவரையும் இழுத்துக்கொண்டு போகும், அது தனி விஷயம்.)

'பாபிலோன் 5' தொடரின் இரண்டாம் பருவ முடிவில் இதை நேரடியாகவே பார்க்கலாம். சுழலும் நிலையத்தின் நடுஅச்சில் ஓடும் வண்டியிலிருந்து நிலையத் தலைவர் குதித்துவிடுகிறார். அவரை எதுவும் கீழே இழுக்கவில்லை. குதித்த வேகத்தில் மெதுவாக மிதந்தபடி வருகிறார். ஆபத்து விழும் வேகத்தில் இல்லை, தரை ஓடும் வேகத்தில்தான் இருக்கிறது. ஓடும் ரயிலின்மீது பக்கவாட்டில் போய் உரசுவது போல. அதே தொடரில் சண்டைக் கலங்களை ஏவ எஞ்சின்கூடத் தேவையில்லை. வெளிச்சுவரில் கொக்கியை விடுவித்தால் போதும், நிலையத்தின் சுழற்சியே அவற்றை வீசிவிடும். வாளியின் அடியைக் கழற்றிவிட்ட மாதிரி.

சுருக்கமாக: சுழலும் நிலையத்தில் எடை உணர மூன்றும் வேண்டும். தரையைத் தொட வேண்டும், தரை சுழல வேண்டும், நாமும் அதோடு சேர்ந்து சுழல வேண்டும்.

எவ்வளவு பெரிது, எவ்வளவு வேகம்?

இங்கே ஒரே ஒரு கணக்குப் போதும். மையத்திலிருந்து தரை வரையுள்ள தூரம் ஆரம். அதை மீட்டரில் எடுத்து வர்க்கமூலம் காணுங்கள். 30-ஐ அதனால் வகுத்தால், 1 ஜி கிடைக்க நிமிடத்துக்கு எத்தனை சுற்று வேண்டும் என்று வந்துவிடும்.

ஆரம் 9 மீட்டர் என்றால் வர்க்கமூலம் 3, ஆக நிமிடத்துக்கு 10 சுற்று. 100 மீட்டர் என்றால் 3 சுற்று. 225 மீட்டர் என்றால் 2. 900 மீட்டர் என்றால் 1.

எடை, சுழல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. சுற்றைப் பாதியாக்கினால் எடை பாதியாகாது, கால்வாசியாகிவிடும். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு எந்தத் தொடரின் நிலையத்தையும் சோதித்துப் பார்க்கலாம். திரையில் ஒரு சுற்றுக்கு எத்தனை விநாடி ஆகிறது என்று எண்ணுங்கள், சன்னல்களையோ மனிதர்களையோ வைத்து ஆரத்தை மதிப்பிடுங்கள்.

ஆர்தர் சி. கிளார்க்கின் '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' நாவலில் (1968) வரும் கப்பலின் சுழல் அறை 35 அடி விட்டம் கொண்டது, 10 விநாடிக்கு ஒரு சுற்று. ஆரம் 5.3 மீட்டர். 1 ஜி வேண்டுமென்றால் நிமிடத்துக்கு 13 சுற்று தேவை, ஆனால் இது சுற்றுவது 6 தான். 6-ஐ 13-ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் 0.21. கிளார்க் அங்கே இருக்கும் எடை நிலவின் அளவு என்கிறார். நிலவில் 0.17 ஜி. ஏறக்குறையச் சரி. முழு எடை தருவதாக அளந்துவிடாமல், அந்தச் சின்ன அறையால் எவ்வளவு முடியுமோ அவ்வளவை மட்டும் எழுதியிருக்கிறார்.

சின்னச் சக்கரத்தில் என்னென்ன கெடும்?

"அப்படியென்றால் சின்னச் சக்கரத்தையே வேகமாகச் சுற்றிவிடலாமே" என்ற கேள்வி உடனே வரும். பல தொடர்கள் வழுக்குவது இங்கேதான். 9 மீட்டர் ஆரமுள்ள சக்கரத்தை நிமிடத்துக்குப் 10 முறை சுற்றி 1 ஜி உண்டாக்கிவிட்டோம் என்று வைத்துக்கொண்டு உள்ளே போவோம்.

நிற்பது. எடை மையத்திலிருந்து உள்ள தூரத்துக்கு ஏற்றபடி குறையும். 1.8 மீட்டர் உயர ஆளின் தலை மையத்திலிருந்து 7.2 மீட்டரில் இருக்கும். ஆக பாதத்தில் 1 ஜி என்றால் தலையில் 0.8 ஜி. 225 மீட்டர் ஆரத்தில் இந்த வித்தியாசம் 1 சதவீதத்துக்கும் கீழே.

ஓடுவது. அந்தச் சக்கரத்தின் தரை விநாடிக்கு 9.4 மீட்டர் ஓடுகிறது. அது சுழலும் திசையிலேயே நாமும் விநாடிக்கு 3 மீட்டர் ஓடினால் நம் மொத்த வேகம் 12.4. எடை 1.7 ஜி ஆகிவிடும், கால் நகராது. திரும்பி எதிர்த்திசையில் ஓடினால் வேகம் 6.4, எடை 0.46 ஜி. அடிக்கு அடி எகிறுவோம். அச்சுக்கு இணையாக, அதாவது அகலவாக்கில் நடந்தால் மட்டும் எதுவும் மாறாது. நிலையம் வடிவமைப்பவர் நீண்ட நடைபாதைகளை அந்தத் திசையில் வைப்பதே நல்லது.

கீழே போடுவது. 1.5 மீட்டர் உயரத்திலிருந்து ஒரு பந்தைக் கைவிட்டால் அது காலடியில் விழாது. கையை விட்டதும் பந்து நேர்கோட்டில் போகிறது, அதற்குள் தரை முந்திக்கொண்டு நகர்ந்துவிடுகிறது. 9 மீட்டர் சக்கரத்தில் பந்து 70 செ.மீ. பின்னால் போய் விழும். 225 மீட்டரில் 12 செ.மீ., 900 மீட்டரில் 6 செ.மீ. சுழலும் இடத்தில் நகரும் பொருளின் பாதை இப்படி வளைந்து தெரிவதற்குக் கோரியாலிஸ் விளைவு என்று பெயர். 'எக்ஸ்பேன்ஸ்' தொடரில் துப்பறிவாளர் கோப்பையில் மது ஊற்றும்போது அந்தத் தாரை பக்கவாட்டில் வளைந்து விழும். வசனமே இல்லாமல் இடத்தைச் சொல்லிவிடும் காட்சி.

தலையைத் திருப்புவது. மோசமானது இதுதான். உட்காதில் மூன்று வளைய வடிவக் குழாய்கள் இருக்கின்றன. தலை சுழல்வதை அவற்றுக்குள் உள்ள திரவம் உணர்த்துகிறது. அறை ஒரு திசையில் சுழலும்போது தலையை வேறு திசையில் சாய்த்தால், திரவம் மூளைக்குத் தாறுமாறான செய்தி அனுப்பும். கண் "அறை அசையவில்லை" என்று சொல்ல, காது "கவிழ்கிறாய்" என்று சொல்லும். முடிவு, வாந்தி. 1960-களில் அமெரிக்கக் கடற்படை பென்சகோலாவில் ஒரு முழு அறையையே சுழற்றி, அதற்குள் ஆட்களை நாட்கணக்கில் தங்கவைத்துச் சோதித்தது. நிமிடத்துக்கு ஒன்றிரண்டு சுற்று வரை பெரும்பாலோர் சமாளித்தார்கள். 10 சுற்றில் அனேகமாக எல்லோருமே சோர்ந்தார்கள். படிப்படியாகப் பழக்கினால் வரம்பு உயரும் என்பதும் தெரிந்தது. ஆனாலும் பொதுமக்கள் வசிக்கும் இடத்துக்கு 2 சுற்றுதான் பாதுகாப்பான எண் என்று பலரும் வைத்துக்கொள்கிறார்கள்.

சுருக்கமாக: நிமிடத்துக்கு 2 சுற்று, 1 ஜி என்று வைத்தால் விட்டம் 450 மீட்டர். முழு எடை தரும் நிலையம் பிரம்மாண்டமாக இருந்தே ஆக வேண்டும். 1975-இல் நாசா ஆதரவில் வரைந்த, ஸ்டான்ஃபோர்ட் வளையம் என்ற விண்வெளிக் குடியிருப்புத் திட்டம் சுமார் 1.8 கி.மீ. விட்டம், நிமிடத்துக்கு ஒரு சுற்று. இந்தக் கணக்குத்தான் அந்த அளவைத் தீர்மானித்தது.

எழுத்தாளர்களும் கணக்கும்

கிளார்க்கின் 'ரான்டேவூ வித் ராமா' நாவலில் (1973) வரும் உருளை வடிவ விண்கலத்தின் உள்விட்டம் 16 கி.மீ., 4 நிமிடத்துக்கு ஒரு சுற்று. கணக்குப் போட்டால் தரையில் 0.56 ஜி. விண்வெளி வீரர்கள் அச்சுப் பகுதி வழியாக நுழைந்து மிக நீண்ட படிக்கட்டில் இறங்குகிறார்கள். உச்சியில் எடையே இல்லை, இறங்க இறங்கக் கனக்கிறது. ஏறுவதைவிட எளிது என்று தோன்றும் இறக்கம் போகப்போகப் பாரமாவதை இயற்பியலே கதையாக்கித் தருகிறது.

லாரி நிவனின் 'ரிங்வேர்ல்ட்' (1970) துணிச்சலானது. சூரியன் போன்ற ஒரு விண்மீனைச் சுற்றி, பூமி–சூரியன் தூரத்தை ஆரமாகக் கொண்ட ஒரு வளையம். ஏறக்குறைய 1 ஜி வேண்டுமென்றால் அது விநாடிக்குச் சுமார் 1,200 கி.மீ. வேகத்தில் சுழல வேண்டும். எடைக் கணக்கு சரிதான், ஆனால் வேறொரு ஓட்டை இருந்தது. கெட்டியான வளையம் கோள் மாதிரி சுற்றுப்பாதையில் இருப்பதில்லை. கொஞ்சம் நகர்ந்தால் விண்மீனுக்கு நெருங்கிய பக்கம் இன்னும் அதிகமாக இழுபட்டு, கடைசியில் போய் மோதிவிடும். 1971 உலக அறிபுனை மாநாட்டில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக மாணவர்கள் "ரிங்வேர்ல்ட் நிலையற்றது!" என்று கோஷமே போட்டார்கள். நிவன் கோபித்துக்கொள்ளவில்லை. பின்னர் எழுதிய அடுத்த பாகத்தில் வளையத்தின் விளிம்பில் நிலைநிறுத்தும் எஞ்சின்களை வைத்தார். வாசகர்கள் எழுத்தாளரைத் திருத்தி, அந்தத் திருத்தமே அடுத்த நாவலானது இந்த வகை எழுத்தில்தான் நடக்கும்.

'எக்ஸ்பேன்ஸ்' கதையை எழுதிய இரட்டையர் (ஜேம்ஸ் எஸ். ஏ. கோரி என்பது இருவரின் சேர்ந்த புனைபெயர்) சறுக்கியதும் உண்டு. சீரிஸ் என்ற குறுங்கோளையே சுழலவிட்டு, உள்ளே 0.3 ஜி கிடைப்பதாக வைத்தார்கள். சீரிஸின் சொந்த ஈர்ப்பு 0.03 ஜி மட்டுமே. அதைப்போலப் பத்து மடங்கு வெளியே வீசும் வேகத்தில் சுழற்றினால் பாறையும் பனியும் ஒட்டிக்கொண்டு நிற்காது, மாவுருண்டை மாதிரி சிதறிவிடும். வாளிக்கு அடி உறுதியாக இருக்க வேண்டும் என்பதை மறந்ததன் விளைவு இது.

திரையில் அடிக்கடி காணும் பிழைகள்

சக்கரத்தை முடுக்கினால் கப்பலின் மீதி உடல் எதிர்த்திசையில் சுழலத் தொடங்கும். இதைச் சமாளிக்க எதிரெதிராகச் சுழலும் இரண்டு சக்கரங்கள் வேண்டும், அல்லது கப்பல் முழுவதுமே சுழல வேண்டும். பெரும்பாலான தொடர்கள் இதைக் கண்டுகொள்வதில்லை.

நிலையத்துக்குள் ஆட்கள் ஒரு பக்கமாகக் கூடினால் எடைச் சமநிலை கெட்டு நிலையம் தள்ளாடும். துணி ஒரு பக்கம் சேர்ந்துகொண்ட வாஷிங் மெஷின் எப்படி ஆடும் என்று தெரியுமே. எதிர்ப்பக்கத் தொட்டிகளுக்குத் தண்ணீரை ஏற்றி ஈடு செய்ய வேண்டும். கலங்கள் வந்து இணைவதும் அச்சில்தான் நடக்க வேண்டும். ஓடும் விளிம்பில் வந்து ஒட்டுவது தற்கொலை.

சுழற்சி நின்ற மறுகணமே எல்லோரும் மிதப்பதாகக் காட்டுவதும் பிழைதான். அவ்வளவு வேகத்தில் ஓடும் தரை திடீரென நின்றால் முதலில் எல்லோரும் சுவரில் போய் அறைபடுவார்கள். மிதப்பதெல்லாம் அதற்குப் பிறகு.

நிஜத்தில் எதுவரை வந்திருக்கிறது?

1966 செப்டம்பரில் ஜெமினி 11 கலமும் அஜீனா என்ற கலமும் 30 மீட்டர் கயிற்றால் இணைக்கப்பட்டு மெல்லச் சுழற்றப்பட்டன. கிடைத்தது ஒரு ஜியில் பத்தாயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு. அதன்பின் மனிதர்கள் வாழும் சுழல் நிலையம் எதுவும் விண்ணுக்குப் போகவில்லை. சர்வதேச நிலையத்துக்கென ஜப்பானில் உருவாகிக்கொண்டிருந்த சுழல் ஆய்வுக்கூடமும் 2005-இல் கைவிடப்பட்டது.

2016-இல் ஜப்பான் சர்வதேச நிலையத்தில் 12 எலிகளை வைத்துச் சோதித்தது. பாதி எலிகள் மிதந்தன, மீதி எலிகள் 35 நாள் 1 ஜியில் வாழ்ந்தன. அவற்றின் சுழல் கூண்டின் ஆரம் 15 செ.மீ. 0.15-இன் வர்க்கமூலம் 0.387, 30-ஐ அதனால் வகுத்தால் 77. கூண்டு சுழன்றதும் நிமிடத்துக்கு 77 முறைதான். மிதந்த எலிகளின் தசையும் எலும்பும் மெலிந்தன, சுழன்ற எலிகளுக்கு அப்படி ஆகவில்லை.